படி எண்ணிப் பயணம் போகிறவர்கள்

ஒரு ஊருக்குப் போய் இறங்கியதும் சிலர் சாப்பாட்டுக் கடையை விசாரிப்பார்கள், சிலர் துணிக்கடையை. இன்னும் சிலர் கேட்பது வேறு: "இங்கே எந்தக் கோபுரத்தில் உச்சி வரைக்கும் படியேற விடுகிறார்கள்?" நான் இந்த மூன்றாவது வகை. எங்களைப் போன்றவர்களின் பயணக் குறிப்பில் ஓட்டல் பெயர் இருக்காது, எண்கள் இருக்கும். லண்டன் மான்யுமென்ட் தூண், 311 படி. கொலோன் தேவாலயத்தின் தெற்குக் கோபுரம், 533. ஃப்ளாரன்ஸ் தேவாலயக் கவிமாடம், 463. ஜெர்மனியின் உல்ம் நகரத் தேவாலயம், 768. இந்த உல்ம் கோபுரம் 1890இல் முடிந்தது. உயரம் 161 மீட்டருக்கு மேல். லிஃப்ட் இல்லாமல், சுழல்படியில் சுற்றிச் சுற்றித்தான் மேலே போக வேண்டும்.

தமிழருக்கு இது விநோதமாகத் தோன்ற நியாயமே இல்லை. படியை எண்ணி நினைவில் வைக்கிற பழக்கம் நம்மிடம் தொன்றுதொட்டு இருக்கிறது. சுவாமிமலைக்கு 60 படி, தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கும் ஒவ்வொன்று. திருத்தணிக்கு 365, நாளுக்கு ஒன்று. பழனிக்கு 693, சோளிங்கருக்கு 1305 என்பார்கள். ஒரு மலையின் உயரத்தை அடிக்கணக்கில் கேட்டால் நமக்குத் தெரியாது. படிக்கணக்கில் கேட்டால் பாட்டிகூடச் சொல்வாள்.

நான் இருப்பது மும்பையில், செம்பூரில். இந்தியாவிலேயே வானுயரக் கட்டடங்கள் அதிகம் எழும் ஊர் இது. முன்னூறு மீட்டரை எட்டும் குடியிருப்புக் கோபுரங்கள் இங்கே வந்துவிட்டன. ஆனால் இங்கேதான் படிக்கட்டு யார் கண்ணிலும் படாத ஒன்றாக ஆகியிருக்கிறது. முப்பது மாடிக் கட்டடத்தில் பத்து வருடம் குடியிருப்பவரிடம் "உங்கள் மாடிப்படியில் மாடிக்கு எத்தனை படி?" என்று கேட்டால் விழிப்பார். படிக்கட்டு எங்கே இருக்கிறது என்றே யோசித்துச் சொல்பவர்களும் உண்டு.

எப்படி இப்படி ஆனது என்பதற்கு லிஃப்டின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கயிறு அறுந்தாலும் கீழே விழாத லிஃப்டை எலிஷா ஓடிஸ் 1854இல் நியூயார்க் பொருட்காட்சியில் கூட்டத்துக்கு நடுவே செய்து காட்டினார். தானே மேடையில் ஏறி நின்றுகொண்டு, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. 1857இல் அதே நகரத்தில் ஹாவ்வவுட் என்ற ஐந்து மாடிக் கடைக் கட்டடத்தில் ஆட்கள் போய்வர லிஃப்ட் வந்தது. ஐந்து மாடிதான். ஆனால் அதற்குப் பிறகு கட்டடங்களுக்குள் ஏழை பணக்காரர் இருக்கும் இடமே தலைகீழாக மாறியது.

லிஃப்டுக்கு முன்னால் மேல்மாடி என்றால் மலிவு. பாரிஸ் குடியிருப்புகளில் வசதியானவர்கள் கீழ் மாடிகளில் இருந்தார்கள், கூரையடி அறைகள் வேலைக்காரர்களுக்கு. உயரம் என்பது காலுக்குத் தண்டனையாக இருந்ததால் அதற்கு விலையில்லை. லிஃப்ட் வந்ததும் அந்தத் தண்டனை போய்விட்டது. வெளிச்சமும் காற்றும் காட்சியும் மட்டும் மிஞ்சின. இன்று மும்பையில் ஒரே கட்டடத்தில் ஒரே அளவு வீட்டுக்கு மாடி ஏற ஏற விலையும் ஏறுகிறது.

இந்த மாற்றத்தில் அடிபட்டது படிக்கட்டு. அதுவரை அது கட்டடத்தின் முகமாக இருந்தது. வாசலில் நுழைந்ததும் அகலமாக விரியும், சித்திர வேலை செய்த கைப்பிடி இருக்கும். மும்பையின் பழைய சால்களில், அதாவது ஒரே தாழ்வாரத்தில் வரிசையாக வீடுகள் இருக்கும் குடியிருப்புகளில், மரப்படிதான் ஊர்ச்சாவடி. வம்பு பேசுவதும், குழந்தைகள் விளையாடுவதும், கல்யாணம் முடிவாவதும் அங்கேதான். மாட்டுங்காவில் நம்மவர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் மூன்று நான்கு மாடிக் கட்டடங்களுக்குள் இன்றும் போய்ப் பாருங்கள். வளைந்து ஏறும் படி, திருப்பத்தில் வண்ணக் கண்ணாடி, கை பட்டுப் பட்டு வழவழப்பான மரக் கைப்பிடி. கட்டியவர் ஏறப்போகிறவரை நினைத்துக் கட்டியிருக்கிறார் என்று கால் வைத்ததுமே தெரியும். உயரமான கட்டடங்களிலோ படிக்கட்டு கனமான கதவுக்குப் பின்னால், ஜன்னலோ வெளிச்சமோ சரியாக இல்லாமல், தீப்பிடித்தால் மட்டும் நினைவுக்கு வரும் வழியாகச் சுருங்கிவிட்டது.

படியின் அளவுக்கே ஒரு கணக்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளோந்தெல் எழுதிவைத்தது. படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் ஒரு மனிதனின் சாதாரண எட்டு வைப்புக்குச் சமமாக வர வேண்டும், ஏறக்குறைய 60 முதல் 65 செ.மீ. உயரம் 15, அகலம் 30 என்றால் கூட்டுத்தொகை 60. இன்றும் இந்தக் கணக்கைத்தான் கட்டடம் கட்டுகிறவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டடத்தில் லிஃப்ட், தண்ணீர்க் குழாய், மின்சாரம் எல்லாம் இயந்திரத்துக்கு ஏற்ற அளவில் இருக்கின்றன. மனிதக் காலின் அளவை வைத்துக் கட்டப்படுவது படிக்கட்டு ஒன்றுதான். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 86ஆம் மாடி வரை 1576 படி, உயரம் 320 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு படி 20 செ.மீ. குதுப் மினாரில் 379 படி, உயரம் 72.5 மீட்டர். அங்கே 19 வருகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி, இரண்டு கண்டங்கள், ஆனால் முழங்கால் ஒன்றுதானே. அளவு ஒரு விரல்கடைக்குள் நிற்கிறது. இது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம் தரும் விஷயம்.

என்னை இந்தப் பக்கம் தள்ளியது ஒரு மழைக்காலம். எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் தண்ணீர் புகுந்து இரண்டு லிஃப்டும் நின்றுவிட்டன. இன்று வரும் நாளை வரும் என்று உதிரிபாகத்துக்குக் காத்திருந்து பதினொரு நாள் ஓடியது. நான் இருப்பது பதினேழாம் மாடி. முதல் நாள் ஆபீஸ் விட்டு வந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். ஆறாம் மாடியில் மூச்சு நெஞ்சை அடைத்தது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள், அதைத் தாண்டி செருப்பு அலமாரி, அதற்கும் மேலே கால் உடைந்த கட்டில். மொபைல் வெளிச்சத்தில் அதையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பத்தாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி, எதுக்கு இப்படி விழுந்தடிச்சி ஏறுதீய? படி எங்கயும் போயிராது."

எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடுகளுக்கு இட்லி மாவு கொண்டுவரும் ஆச்சி. திருநெல்வேலிப் பக்கம், சயான் கோலிவாடாவில் நாற்பது வருடமாக இருக்கிறார். வயது எழுபதை ஒட்டி. இரண்டு கையிலும் மாவுப் பை. மூச்சு வாங்கவில்லை.

"ஆச்சி, உங்களுக்குக் கால் வலிக்கலையா?"

"வலிக்காம என்ன. முழுப் பாதத்தையும் வையிங்க. நுனிக்கால்ல ஏறினா அஞ்சாம் மாடியிலயே கெண்டை பிடிச்சுக்கிடும். நடுவுல நில்லுங்க, ஆனா உக்காந்திராதீய. உக்காந்தா எந்திரிக்க மனசு வராது."

அந்தப் பதினொரு நாளும் ஆச்சி சொன்னபடி ஏறினேன். பிறகு படித்துப் பார்த்தபோது, உயரமான கட்டடங்களில் போட்டிக்கு ஏறுகிறவர்கள் பழகுவதும் பெரும்பாலும் இதையேதான் என்று தெரிந்தது. முழுப் பாதம் படியில் பதிந்தால் சுமை கெண்டைக்காலிலிருந்து தொடைக்கும் பின்புறத்துக்கும் போகிறது. அவை பெரிய தசைகள், நேரம் தாங்கும். பழகியவர்கள் உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பங்களில் உடம்பை இழுத்துக்கொள்கிறார்கள். காலின் வேலையில் கொஞ்சம் கைக்கும் போகிறது. சுற்றுப்பாதையும் குறுகுகிறது. வேகமாகத் தொடங்குகிறவர் பத்தாம் மாடியில் மாட்டிக்கொள்வது ஏன் என்றால், முதல் ஒரு நிமிடம் தசை தன்னிடம் இருக்கும் சேமிப்பில் ஓடுகிறது. இதயமும் நுரையீரலும் சுதாரித்து ஆக்சிஜன் கொண்டுவருவதற்குள் நாம் கடன் வாங்கிச் செலவழித்துவிடுகிறோம். அதனால் முதல் ஐந்து மாடி "இது என்ன, சும்மா" என்று தோன்றும் வேகத்தில் போக வேண்டும். ஒரு வாக்கியம் பேச முடிகிற மூச்சு இருந்தால் சரி.

எவ்வளவு சக்தி செலவாகிறது என்பதைச் சுலபமாகவே கணக்குப் போடலாம். 70 கிலோ எடையுள்ளவர் 100 மீட்டர் உயரம் ஏறினால், எடையை மேலே தூக்கும் வேலை மட்டும் சுமார் 16 கலோரி. உணவுப் பொட்டலத்தில் போடும் அதே கலோரிதான். நம் தசைகள் செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி சூடாகிப் போகிறது. ஆகவே மொத்தச் செலவு 70 கலோரி அளவில் நிற்கும். ஒன்றரை இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் அதே 100 மீட்டர் நடந்தால் ஐந்து கலோரிகூட ஆகாது. முப்பது மாடி ஏறி வந்தவரின் சட்டை ஏன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கிறது என்பதற்கு இதுதான் விளக்கம்.

இறங்குவது வேறு கதை. மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று ஏமாந்துபோவோம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. அந்த வேலைதான் தசைநாரை அதிகம் நோகடிக்கும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் நாற்காலியில் உட்கார முடியாமல் செய்யும். முழங்கால் மூட்டுக்கும் இறக்கம்தான் பாரம். அதனால்தான் பெரிய கட்டடப் போட்டிகளில் ஏறுவது மட்டும் படியில், இறங்குவது லிஃப்டில். லிஃப்ட் இருக்கிற இடத்தில் நானும் அப்படியே செய்கிறேன். இதய நோய், ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

போட்டி என்றேன். அதில் மூத்தது எம்பயர் ஸ்டேட் ஓட்டம், 1978இல் தொடங்கியது. முதல் ஆண்டு ஜெயித்தவர் கேரி முர்க்கே. நியூயார்க் மாரத்தான் 1970இல் முதன்முதலாக நடந்தபோது அதை ஜெயித்தவரும் அவர்தான். அந்த 1576 படிகளை ஆஸ்திரேலியாவின் பால் கிரேக் 2003இல் 9 நிமிடம் 33 நொடியில் ஏறினார். நொடிக்கு இரண்டே முக்கால் படி வருகிறது. தைவானின் தைப்பே 101இல் 91 மாடிக்கு 2046 படி. நம்மவர்கள் அடிக்கடி போகும் ஊர்களிலும் உண்டு. கோலாலம்பூர் கோபுர ஓட்டத்துக்கு 2058 படி, சிங்கப்பூரில் 73 மாடி ஓட்டல் ஒன்றில் 1336. பத்துமலையின் 272 படியை மட்டும் ஏறிவிட்டுத் திரும்புகிறவர்கள் அடுத்த முறை இதையும் விசாரிக்கலாம். ஆனால் இந்தக் கட்டடங்களில் மற்ற நாட்களில் படிக்கதவு நமக்குத் திறக்காது. போட்டி நாள் மட்டும்தான். எனக்கு வேகத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. ஒரு கட்டடத்தை அதன் படிக்கட்டு வழியாகத் தெரிந்துகொள்வதுதான் எனக்குப் பிடித்தது.

அப்படி ஒரு கட்டடத்தைத் தெரிந்துகொள்ள மும்பையிலிருந்து போகக்கூடிய நல்ல இடம் கர்நாடகத்தில் விஜயபுராவின் (பழைய பீஜப்பூர்) கோல் கும்பஸ். சோலாப்பூர் வழியாக ரயில் இருக்கிறது. அந்த ஊரை ஆண்ட சுல்தான் முகம்மது அடில் ஷாவின் கல்லறை, பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. கவிமாடத்தின் வெளி விட்டம் 44 மீட்டர். நடுவே ஒரு தூண்கூட இல்லை. நான்கு மூலையிலும் எட்டுப்பட்டைக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஏழு அடுக்கு. படி அந்த மூலைகளில்தான் ஏறுகிறது. காலையில் திறந்ததும் போய்விட வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால்.

படி குறுகல், உயரம் அதிகம், நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். இருட்டுக்குள் கொஞ்சம் ஏறினால் ஒரு வளைவு, அதன் வழியே வெளிச்சமும் காற்றும். மறுபடி இருட்டு, மறுபடி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஊர் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். முதலில் புல்வெளியில் தண்ணீர் விடுகிறவரின் முகம் தெரிந்தது. அடுத்த வளைவில் அவர் தலை மட்டும். அதற்கடுத்ததில் அவர் கையில் பிடித்திருந்த குழாய் ஒரு நூலாகிவிட்டது. சுவரின் கனத்தைப் படிக்குள் போகும்போதுதான் கை நீட்டி அளக்க முடிகிறது. இவ்வளவு பெரிய கவிமாடம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்து ஒருநாளும் புரிந்துகொண்டிருக்க மாட்டேன். மேலே கவிமாடத்தின் உள்விளிம்பைச் சுற்றி ஓடும் மாடத்துக்குள் நுழைந்தால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் காகிதத்தைக் கசக்குவது காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. என் மூச்சிரைப்பும் அப்படியே சுற்றிவந்து எனக்கே கேட்டது.

ஃப்ளாரன்ஸ் கவிமாடத்தைப் பற்றியும் இதையே சொல்வார்கள். அங்கே 463 படியில் மேல்பகுதிப் படிகள் கவிமாடத்தின் இரட்டைக் கூடுகளுக்கு நடுவே போகின்றன. அதைக் கட்டிய கலைஞர் புரூனெல்லெஸ்கியின் கொத்தனார்கள் கட்டும்போது ஏறிய அதே வழியில் இன்றைய பயணியும் ஏறுகிறார்.

மும்பைக்குப் பக்கத்தில் வேறு இடங்களும் உண்டு. எலிபெண்டா தீவுக்கு 120 படி. விரார் ஜீவ்தானி கோயிலுக்கு ஆயிரத்துக்கும் மேல். சிவாஜியின் ராய்கட் கோட்டைக்கு 1737 என்று கணக்கு, முடியாதவர்களுக்கு ரோப்வே இருக்கிறது. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கு 108. தமிழர்கள் சமதரையில் குன்று மாதிரி எழுப்பி, படி வைத்துக் கட்டிய கோயில் அது. முருகன் என்றால் ஏறிப்போய்த்தான் பார்க்க வேண்டும் என்று மும்பைக்கு வந்தும் நினைத்திருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு மும்பையின் மிக அழகான படிக்கட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பல்கலைக்கழக வளாகத்தின் ராஜாபாய் கோபுரம். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற வணிகர் பணம் கொடுத்து, தன் தாயின் பெயரை வைக்கச் சொன்னார். வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். 1878இல் கட்டி முடிந்தது, 85 மீட்டர். உள்ளே சுழல்படி இருக்கிறது. ஒரு காலத்தில் மக்கள் ஏறி ஊரைப் பார்த்தார்கள். மேலிருந்து குதித்துச் சிலர் உயிரை விட்டதால் மூடிவிட்டார்கள். ஓவல் மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

டெல்லியின் குதுப் மினாரும் இப்படித்தான் மூடியது. 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே விளக்கு அணைந்தது. குறுகிய படியில், இருட்டில், பயந்து இறங்க முயன்ற கூட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். அந்த வேதனைக்கு முன்னால் கதவை மூடியது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நாற்பது வருடம் கழித்தும் மூடியே வைத்திருப்பதுதான் ஒரே வழியா என்று கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

லண்டன் மான்யுமென்ட்டிலும் இதே துயரம் நடந்திருக்கிறது. 1788க்கும் 1842க்கும் இடையில் ஆறு பேர் மேலிருந்து குதித்து இறந்தார்கள். அதை நிர்வகித்தவர்கள் 1842இல் மேல்மாடத்தைச் சுற்றி இரும்புக் கூண்டு அமைத்தார்கள், படிக்கதவைத் திறந்தே வைத்தார்கள். இன்றும் 311 படி ஏறி இறங்குகிறவருக்குக் கையில் சான்றிதழ் தருகிறார்கள். ஃப்ளாரன்ஸில் நேரம் குறித்து, முன்பதிவு செய்தவர்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறார்கள். ராஜாபாய் கோபுரத்தில் ஒரு தடவைக்குப் பத்துப் பேர், கூட ஒரு காவலர், மேலே கம்பிவலை என்று ஏற்பாடு செய்ய முடியாதா? படிக்கட்டைக் காவல் காக்கச் செலவாகும், பூட்டுக்குச் செலவில்லை. நம் ஊர்களில் பூட்டு ஜெயிப்பதற்குக் காரணம் அவ்வளவுதான். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இந்தப் பூட்டும் அடைசலும் பொழுதுபோக்கை மட்டும் கெடுப்பதில்லை. பெங்களூரில் 2010 பிப்ரவரியில் கார்ல்ட்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தபோது படிக்கட்டுப் பகுதி புகையால் நிரம்பியது, அவசர வழிகள் பூட்டிக் கிடந்தன. ஒன்பது பேர் இறந்தார்கள். தீ விபத்தில் லிஃப்டைத் தொடக்கூடாது. மேலே இருக்கும் எல்லோருக்கும் படிக்கட்டு ஒன்றுதான் வழி. அதனால்தான் அதன் கதவு தீயையும் புகையையும் கொஞ்ச நேரம் தாங்குகிற மாதிரி செய்யப்படுகிறது. அந்தக் கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே போட்டுவைத்தால் அது வெறும் பலகை.

மும்பையின் உயரமான கட்டடங்களில் இன்னொரு ஏற்பாடும் உண்டு, ரெஃப்யூஜ் ஏரியா. ஏறக்குறைய ஏழு மாடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் திறந்த தளம். இறங்க முடியாதவர்கள் அங்கே வந்து நின்றால் புகை அதிகம் அண்டாது, தாழ்ந்த மாடிகளில் தீயணைப்பு ஏணியும் எட்டும். படியேறுகிறவர்களுக்கு அது மலைப்பாதையின் மண்டபம் மாதிரி. எங்கள் எட்டாம் மாடியில் இருக்கிற அந்தத் தளத்தில் ஆச்சியும் நானும் அந்த மழை நாட்களில் தினமும் ஐந்து நிமிடம் நின்றோம். ஒரு பக்கம் டிராம்பே குன்று பச்சையாக, மாகுல் சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கிகள், மோனோரயில் தூண்கள், மழையில் மங்கலாக. லிஃப்டில் போகும் வருடங்களில் அந்தத் தளம் இருப்பதே எனக்குத் தெரியாது.

இதைத் தொடங்க நினைப்பவர்கள் சொந்தக் கட்டடத்திலிருந்தே தொடங்கலாம். மற்றவர்களின் கட்டடம் தனியார் இடம், அங்குள்ள குடியிருப்போர் சொசைட்டியின் செக்ரட்டரியிடம் கேட்காமல் உள்ளே நுழையக் கூடாது. ஏறும் முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கட்டடங்களில் படிக்கதவு மாடிப் பக்கமிருந்து மட்டும் திறக்கும். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் தரைத்தளத்தில்தான் வெளியே வர முடியும். பல இடங்களில் உள்ளே மொபைல் சிக்னலும் இருக்காது. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. சின்ன டார்ச், தண்ணீர், வியர்வைக்கு ஒரு துண்டு போதும். உள்காற்று வறண்டு தூசியாக இருப்பதால் வேகமாக ஏறினால் முடித்த பிறகு கொஞ்ச நேரம் இருமல் வரும், பயப்பட வேண்டாம்.

பன்னிரண்டாம் நாள் எங்கள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தின நாள் பதினான்காம் மாடியிலிருந்து உடம்பு முடியாத ஒரு பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் செருப்பு அலமாரியில் நாற்காலி முட்டியது. ஒரு இடத்தில் அவரைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலை இழுத்து ஒதுக்கிய பிறகுதான் போக முடிந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சொசைட்டிக் கூட்டத்தில் அதைப் பார்த்த எல்லோருமே பேசினார்கள். இரண்டு வாரத்தில் படி காலியானது.

அதன் பிறகு நான் சனிக்கிழமை தோறும் விடிகாலையில் ஏறுகிறேன். மாடிக்கு 20 படி, பத்து ஏறினால் திருப்பம், மறுபடி பத்து. பதினேழு மாடிக்கு 340. இதை ஆச்சியிடம் சொன்னபோது விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"ரெண்டு தடவை ஏறினா அறுநூத்தி எண்பதா? பழனிக்கு இன்னும் பதிமூணு படி குறையுதே. அதையும் ஏறிருங்க தம்பி, பாதியில விடப்படாது."

அதனால் இரண்டாம் தடவை என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறேன். பத்துப் படி, திருப்பம், அப்புறம் மூன்று. முன்பு அந்த மூன்றாம் படியில் கைப்பிடியோடு சங்கிலி போட்டு ஒரு குழந்தை சைக்கிள் கட்டியிருந்தார்கள். சங்கிலி உரசிய தடம் மட்டும் கைப்பிடியில் இருக்கிறது.